வெளிறிய வால்

ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவரில் குடியிருந்த பல்லிக்குப் பாம்புச் செவி. இசைக்குழு வாசித்ததைப் பதிவுசெய்த ஒலிநாடா ஓடும்போது, வெட்டி ஒட்டிய இடம் வந்தால் போதும், "ச்சு, ச்சு" என்று கொட்டிவிடும்.

"வயலின் இழுப்பு இங்கே அறுந்து வேறொன்று தொடங்குகிறது. பெரிய இசையாம்! ஒட்டுப்போட்ட போலி!" என்றது.

நாடா குறுகிப்போனது. "வாசிக்கும்போது தந்தி அறுந்துவிட்டது அக்கா. திரும்ப வாசித்து ஒட்டினார்கள். நாளைக்கு எல்லோரும் கேட்க வருகிறார்கள். நீங்கள் கொட்டினால் சகுனம் சரியில்லையென்று என்னைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்."

வெடுக்கென்று திரும்பிய பல்லியின் கண்ணில் தன் வால் பட்டது. பூனையிடம் அறுபட்டு மறுபடி முளைத்த பாதி மட்டும் வெளிறியிருந்தது.

மறுநாள் கூடம் நிறைந்தது. நாடாவில் அந்த இடமும் வந்தது. பல்லி வாயே திறக்கவில்லை. வெளிறிய வால்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.