ஜன்னலோர நாற்காலி

"ஒரு கிலோ தொள்ளாயிரம்."

நர்ஸ் சொன்னதை யாரும் நம்பவில்லை. எடைக் கருவியின் சிவப்பு எண்களை எட்டிப் பார்த்த டிரைவர் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன டெய்லரம்மா, ரெண்டு நாளும் குழாயடியிலேயே குடியிருந்தீங்களா?"

டயாலிசிஸ் அறை சிரிப்பில் அதிர்ந்தது.

சிறுநீரகம் கைவிட்ட இவர்களுக்கு, குடிக்கும் தண்ணீரெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும். அளவோடு குடிக்கப் பழக்குவதற்காக நர்ஸ் ஒரு போட்டி வைத்திருந்தார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எவருக்கு மிகக் குறைவாக ஏறியிருக்கிறதோ, அடுத்த மாதம் முழுவதும் ஜன்னலோர நாற்காலி அவருக்கு.

நான்கு மாதமாக அந்த நாற்காலியை டெய்லரம்மா விட்டுக்கொடுத்ததில்லை. எண்ணூறு கிராமுக்கு மேல் அவருக்கு ஏறியதுமில்லை. "நாக்கை அடக்கத் தெரியாதவங்களுக்கு ஜன்னல் எதுக்கு?" என்று மற்றவர்களைக் குத்திக்காட்டுவதும் அவர்தான்.

அந்தக் குத்தலை அதிகம் வாங்கியவன் பேக்கரித் தம்பி. நாள் முழுக்க அடுப்பு வெக்கையில் நிற்கிறவன். சேர்ந்த புதிதில் மூன்றரை கிலோ ஏறி வந்தான். இப்படியே போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்தார். அதன்பின் காலையில் ஒரு பாட்டில் நிரப்பி, மாத்திரைக்கும் சேர்த்து அன்றைக்கு அவ்வளவுதான் என்று பழகினான். உப்பைக் குறைத்தான். தொண்டை வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பினான்.

ஆனாலும் போன வியாழக்கிழமை உடைந்துபோயிருந்தான்.

"இந்தத் தடவையும் தோத்தா பாட்டிலைக் கடாசிட்டு ஆசை தீரக் குடிச்சிடப் போறேன். நம்மால ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"முதல்ல ஜெயிச்சுக் காட்டு, அப்புறம் பேசு" என்றார் டெய்லரம்மா, தலையைக்கூடத் திருப்பாமல்.

இன்று அவனுக்கு ஏறியிருந்தது ஒரு கிலோ முந்நூறு. டிரைவர் அண்ணனுக்கு இரண்டே கால். கடைசியாக டெய்லரம்மா, தளர்வான மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு கருவியில் ஏறியபோது, எல்லார் கண்ணும் அந்தச் சிவப்பு எண்களிலேயே இருந்தது.

இப்போதோ ஒரே கூத்து.

"எங்களுக்குப் பாடம் எடுத்துட்டு நீங்க மட்டும் குடம் குடமாவா?" டிரைவர் அண்ணன் விடுவதாயில்லை.

"அண்ணே, அப்போ நான்தானா? நிஜமாவே நான்தானா?" பேக்கரித் தம்பி நான்காவது முறையாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலோரத்துக்குப் பாய்ந்து, மனைவியைப் போனில் பிடித்தான். "ஏய், ஜெயிச்சுட்டேன்டி. ஆமா, நான்தான். அடுத்த மாசம் ஒரு கிலோவுக்குக் கீழ இறக்கிக் காட்டறேன், பாரு. அந்தப் பாட்டிலை மட்டும் பத்திரமா வை."

டெய்லரம்மா மூலை நாற்காலிக்குப் போனார். பின்னாலேயே வந்த நர்ஸின் முகம் கடுகடுத்திருந்தது.

"நீங்களே இப்படிச் செஞ்சா மத்தவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது? இப்போ இவ்வளவு தண்ணியையும் மெஷின் இழுத்தாகணும்."

இயந்திரத்தில் ஒன்று புள்ளி ஒன்பது என்று பதியப் போன நர்ஸின் கையை டெய்லரம்மா பிடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மேலங்கிக்குள் புதிதாகத் தைத்திருந்த உள்பையிலிருந்து, துணி வெட்டும் கனத்த இரும்புக் கத்திரிகள் இரண்டை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"எண்ணூறே போடும்மா, மிச்சம் ஒரு கிலோ நூறு இதோ இருக்கு. மெல்லப் பேசு, அவன் காதுல விழுந்துடப் போகுது."