கோழிதின்னி

“கோழிதின்னி கல்யாணம் பண்ணிக்கிறதைப் பார்க்கவா மிஸ்யே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்னை மலையேற வெச்சீங்க?”

அப்பாசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தீவின் தெற்கே சுரினாம் கிராமத்தில் கொஞ்சம் கரும்பு வைத்திருப்பவர். மலைப்பாதை தெரியும் என்பதால் அவர் ‘மிஸ்யே’ என்று பிரெஞ்சு மரியாதையில் அழைக்கும் பள்ளிக்கூட வாத்தியார் சிமோன் துணைக்கு அழைத்து வந்திருந்தார். சிமோனுக்குப் பறவைப் பைத்தியம். பாறை இடுக்கில் ஒரு கோழிதின்னி ஜோடியைக் கண்டுபிடித்ததிலிருந்து தலைகால் புரியவில்லை.

“மெல்லப் பேசுங்க. அதோ ஆண்!”

பாறை உச்சியில் ஒரு சின்னப் பருந்து. காலில் பச்சைப் பல்லி. கீச்சென்று கத்தியது.

“இப்போ பெண் வரும். ஆணைவிடப் பெரிசு. பறந்துகிட்டே தலைகீழாப் புரண்டு, காலை நீட்டிப் பல்லியை வாங்கிக்கும். அதுதான் சம்மதம்.”

“சீர் கொண்டாந்தது பல்லியா? நல்ல மாப்பிள்ளை!”

பெண் வரவில்லை. ஆண் வானில் ஏறி வட்டமிட்டது. சரேலென்று இறங்கி மறுபடி கத்தியது.

“பொண்ணு ஓடிப்போச்சு போல. இவன் பலகாரத் தட்டோட நிக்கிறான், வெட்கங்கெட்டவன்!”

“பசிக்குக்கூட அதைத் தின்னலை, பாருங்க.”

“கோழியா இருந்தா தின்னிருப்பான்.”

“இது கோழி பிடிச்சு நான் பார்த்ததே இல்லை அப்பாசாமி. பல்லிதான்.”

“பேரே கோழிதின்னி. பேரு வெச்சவன் முட்டாளா? என் வீட்டுல ஏழு கோழி காணோம். எல்லாம் காவடி எடுக்கப் போச்சா?”

“கீரியா இருக்கும். எலி பிடிக்கன்னு கொண்டாந்து விட்டாங்களே, அது.”

“படிச்சவங்க கண்டுபிடிப்பு!”

வெயில் உச்சிக்கு வந்தது. ஆண் பல்லியை விடவில்லை. சிமோனின் முகம் வாடிவிட்டது.

“போன வாரம் ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இந்த மலையில வேற ஜோடி கிடையாது. பெண் வரலேன்னா, இங்கே இந்த இனமே முடிஞ்சுது.”

“திருட்டுக் கும்பல் ஒண்ணு ஒழியுதுன்னு நினைச்சுக்கோங்க மிஸ்யே.” வழியெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கினார் அப்பாசாமி.

வீட்டு வாசலில் மனைவி தெய்வானை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“கோழிதின்னியைச் சுட்டாச்சு, இனி பயமில்லைன்னு மார்தட்டினீங்களே! பட்டப்பகல்ல கீரி வந்து இன்னொரு கோழியை இழுத்துட்டுப் போகுது. என் கண்ணால பார்த்தேன்!”

அப்பாசாமி கோழிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். மற்றப் பறவைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வியாழக்கிழமை அவரே மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட அந்தப் பெரிய கோழிதின்னி, காலை நீட்டித் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது.