நடு பட்டன்

ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கியதுமே அவள் கட்டைவிரலில் ஏதோ இடறியது.

குனிந்து பார்த்தாள்.

நடுவில் ஒரு சின்ன ரப்பர் பட்டன்.

அந்த இடம் மொட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? ஆட்டத்தை ஆரம்பிக்கவும், பாதியில் நிறுத்தவும், நிறுத்தியதைத் திரும்ப ஓடவிடவும் ஒரே பட்டன்தான். அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியில் அது முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான் இருக்கும். முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுடையது. இரண்டாவது அவளுடையது. பத்து வயதிலிருந்து அப்படித்தான். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை.

இன்றும் அண்ணன் பெட்டியைப் பிரித்தான், முதலாவதை எடுத்துக்கொண்டான், இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் பக்கம் நீட்டினான்.

பழைய ஆட்டங்களையெல்லாம் உள்ளே அடக்கிப் புதிதாக வந்திருக்கும் பெட்டி. கேசட் கிடையாது. கேசட் செருக இடமும் கிடையாது. ஆனாலும் டிவியில் மாட்டும் முன் அண்ணன் அதை இரண்டு தரம் ஊதினான். கேசட்டை ஊதாமல் ஆட்டம் வராது என்று ஊரே நம்பிய காலத்தில் வளர்ந்தவன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் சிரித்தாள். பட்டனைப் பற்றி மூச்சு விடவில்லை.

அண்ணனின் புது வீட்டில் பால் காய்ச்சிய நாள். சாப்பிட்ட கையோடு சொந்தமெல்லாம் சோபாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. டிவியில் ஆட்டத்தின் அந்தப் பழைய பாட்டு வந்தது. டொட்டொடொய் என்று பத்து விநாடிப் பாட்டு. பேச்செல்லாம் நின்றுவிட்டது.

இரண்டு டாங்கிகள். செங்கல் சுவர்கள். ஆளுக்கு ஒரு கோட்டை. எதிராளி கோட்டையில் முதலில் ஐந்து குண்டு போட்டவர் ஜெயித்தார். அவ்வளவுதான் ஆட்டம். அதற்கே அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

அண்ணன் வழக்கம்போல சபைக்கு அறிவித்தான். தங்கச்சி இதுவரை ஒரு தடவைகூடத் தன்னை ஜெயித்ததில்லையாம்.

இதைத்தான் அவள் கல்யாண வரவேற்பில் மைக் பிடித்துச் சொன்னான். அவள் ஸ்டேஷன் மாஸ்டர் ஆன அன்று போனில் வாழ்த்திவிட்டு, கையோடு இதையும் சொன்னான். அவள் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்திருக்கிறது.

அவன் சொல்வது பொய் இல்லை. பாதிதான் உண்மை.

நாலு குண்டு அவள் எத்தனையோ தடவை போட்டிருக்கிறாள். ஐந்தாவதைப் போடக் கோட்டை வாசலுக்குப் போவாள்.

டிடிங்.

திரை அப்படியே நின்றுவிடும். அண்ணனுக்குத் தாகம். அண்ணனுக்கு அவசரமாகப் பின்பக்கம் போக வேண்டும். அம்மா கூப்பிட்ட மாதிரி இருந்ததாம். போய்விட்டு ஆற அமர வருவான். அதற்குள் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து, நெஞ்சு படபடத்து, விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

தோற்றுவிடுவாள்.

இன்றைக்கு ஸ்டேஷனில் அவள் சிவப்பு சிக்னல் போட்டால் நாற்பது பெட்டி சரக்கு வண்டி நிற்கிறது.

ஆட்டம் தொடங்கியது.

முப்பது வருஷத்தில் அண்ணனுக்குத் தொப்பை வந்திருந்தது, பிரஷர் மாத்திரை வந்திருந்தது. ஆட்டம் மட்டும் மாறவில்லை. சுவரை இடித்துக்கொண்டு நேரே வந்தான். அவள் ஓரமாகச் சுற்றிப் போனாள். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், எந்தச் சுவரைத் தொடாமல் விட வேண்டும், எல்லாம்.

ஒன்று. இரண்டு. அவன் இரண்டு. அவள் மூன்று.

நாலுக்கு நாலு.

அவள் டாங்கி அவன் கோட்டை வாசலில் நின்றது. குறுக்கே ஒரே ஒரு வரிசைச் செங்கல்.

டிடிங்.

அண்ணன் தண்ணீர் கேட்டான். ஜாய்ஸ்டிக்கைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்து கையைக் காலை நீட்டினான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி சொம்பை நீட்டினாள்.

அவள் கட்டைவிரல் நடு பட்டனுக்குப் போயிருந்தது.

ஒரு அழுத்து அழுத்தினால் ஆட்டம் ஓடும். அவன் கையில் சொம்பு. இரண்டு குண்டு போதும், ஒன்று செங்கலுக்கு, ஒன்று கோட்டைக்கு. யாரும் குறை சொல்ல முடியாது. அவன் காட்டிய வழிதானே?

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

வேர்க்கவில்லை.

நெஞ்சும் தன் பாட்டுக்குச் சீராக அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கே ஆச்சரியம். பிறகு சந்தோஷம். அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம்.

ஜாய்ஸ்டிக்கை அவன் கண்ணில் படும்படி கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். விரலைப் பட்டனிலிருந்து எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை.

"மெதுவா குடிண்ணே. அவசரமே இல்ல."

சொம்பு பாதி வழியில் நின்றது.

அண்ணன் அவள் விரலைப் பார்த்தான். சோபாவில் கிடந்த தன் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தான். திரையில் தன் கோட்டை வாசலில் நிற்கும் டாங்கியைப் பார்த்தான். கல்யாணத்தில் மைக் பிடித்த முகம் மெல்ல மெல்ல வேறு முகமாக ஆனது.

குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தான்.

வந்து உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். கட்டைவிரல் பழக்கத்தில் நடுவுக்குப் போனது, பிறகு தானாக விலகி வந்தது.

"நீயே ஆரம்பி, மங்கை."

அவள் அவன் இரண்டு கையும் சரியாகப் பிடித்துக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.

அழுத்தினாள்.