பத்மாஸினி மாமியின் பவர் கட்

"மூணு, ரெண்டு, ஒண்ணு... மெயின் ஆஃப்!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி. முன்னால் உட்கார்ந்தோமோ இல்லையோ, எங்கள் காம்பவுண்டில் கரண்ட் போய்விடும். தானாகப் போகாது. ஹவுஸ் ஓனர் பத்மாஸினி மாமி போக வைப்பாள்.

"மேதா, நெஜமாவே போனா என்னடீ பண்ணுவேள்? டார்ச் எங்கே? பக்கெட்ல தண்ணி எங்கே? ம், வயரை எடுங்கோ!" என்று என்னை விரட்டுவாள்.

மாமியின் மூக்குக் குரல் எனக்கு அத்துப்படி. ஒரு புதன்கிழமை அந்தக் குரலில் சும்மா ஒரு அதட்டல் போட்டேன். மாடி வீட்டு ஸ்ரீவத்ஸ் அங்கிள் சோப்பு நுரையோடு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்!

வயர்தான் பெரிய ரோதனை. வாரம் ஒரு வீடு. அந்த வீட்டு பல்பு அணையாமல் இருக்க, மற்றவர்கள் தங்கள் இன்வர்டரிலிருந்து மாற்றி மாற்றி வயர் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கத்தான்" என்றாள் அம்மா.

"நாம குடி வந்தது வீட்டுக்கா, மிலிட்டரிக்கா?" என்றார் அங்கிள், மாமி உள்ளே போன பிறகு.

நேருக்கு நேர் கேட்டது பக்கத்து போர்ஷன் மகேஸ்வரி அக்காதான். கொங்குப் பக்கத்து ராமாபுரத்துக்காரி. அவள் புருஷன் பாலன் அண்ணாவுக்கு நுரையீரல் பழுது. ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கணும்.

"ஏனுங்க மாமி, எங்கூட்டுக்காரரு மூச்சு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?"

"மிஷின்ல பேட்டரி இருக்கோன்னோ? எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்!"

"உங்களுக்கு மனசா, கல்லா?"

காம்பவுண்டே கை தட்டியது. பாலன் அண்ணா மட்டும், "உடு மகேசு, எல்லாருக்குந்தானே" என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பேய் மழை. தெருமுனை மரம் கரண்ட் கம்பி மேலேயே சாய்ந்தது. போன் போட்டால் கன்னடக்கார லைன்மேன் வெற்றிலை வாயோடு, "லேட் ஆகுத்தெ ஸ்வாமி, தும்பா லேட்டு" என்றார்.

பொழுது சாயும் முன்பே பாலன் அண்ணாவின் மிஷின் 'பீப் பீப்' என்று அலறியது. பேட்டரி காலி.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்பா ஜன்னல் வழியே வயரை வீசினார். நான் பிடித்து ஓடினேன். மகேஸ்வரி அக்கா செருகினாள். மிஷின் மறுபடி மூச்சு விட்டது!

எங்கள் இன்வர்டர் தீர்ந்ததும் மாடியிலிருந்து அங்கிளின் வயர் இறங்கியது. அதுவும் தீர்ந்ததும் மாமியின் வயர். எந்த வீட்டிலும் ஒரு லைட் போடவில்லை, ஒரு ஃபேன் சுற்றவில்லை.

கரண்ட் வந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில், கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோம் என்றே பக்கத்துத் தெரு நினைத்திருக்கும். அங்கிள் டான்ஸே ஆடிவிட்டார்.

பாலன் அண்ணா என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். "அடுத்த வாரம் உங்கூட்டு முறை. வயரு புடிக்க நான் வாரேன்."

நான் மகேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "பாவம் மாமி. அன்னிக்கு அவ்வளவு திட்டினியே, போய் ஸாரி கேளு."

அக்கா என்னை மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனாள்.

"மெதுவாப் பேசு. அவருக்காகத்தான் இத்தனையும்னு தெரிஞ்சா, அடுத்தவங்களுக்குப் பாரம்னு வீட்டையே காலி பண்ணிருவாரு. போன வீட்டுல அதான் நடந்துச்சு. அதுக்குத்தான் மாமி எல்லாருக்கும்னு சட்டம் போட்டாங்க."

"அப்போ, நீ போட்ட சண்டை?"

"எனக்கு எங்க கண்ணு திட்ட வந்துச்சு? அழுகதான் வந்துச்சு. அவருக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு, மாமிதான் சமையல்கட்டுல நிக்க வெச்சு, 'இன்னும் சத்தமாத் திட்டுடீ'ன்னு சொல்லிக் குடுத்தாங்க!"