கை தூக்கும் முன்

உலகம் தோன்றியதிலிருந்து நடந்த தேர்தலெல்லாம் வெறும் ஒத்திகை, அசல் தேர்தல் தன் சட்டத்தில்தான் பிறந்தது என்றார், ஊருக்குத் தேர்தல் சட்டம் எழுதிக் கொடுத்த இன்பவாணன். பொய்யில்லை. ஓட்டு வாங்கிய எல்லோருக்கும் இடம் என்பதால், போட்ட ஓட்டில் ஒன்றுகூட வீணாகாமல் மீன்காரி, ஆட்டோக்காரர், ஆலைக்கூலி என்று ஊரே மன்றத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தது. ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும் என்ற விதியும் அவர் எழுதியதுதான்.

முதல் தீர்மானம், ஏரியைக் காகித ஆலைக்குக் கொடுப்பது. கொடுக்காவிட்டால் ஆலையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவரும் ஜன்னல் வழியே ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கை தூக்கினார்கள்.

"ஏன்க்கா, அங்க என்ன சாமியா உக்காந்திருக்கு? கும்பிட்டுட்டுத்தான் தூக்குவீங்களோ?" என்று இன்பவாணன் சிரித்தார்.

"ஏரியில மீன் புடிக்கிறது நாந்தான் சார். எம் மவனுங்க ரெண்டு பேருக்கும் சோறு அந்த ஆலையில இருந்துல்ல வருது" என்றாள் மீன்காரி சீனியம்மா.

கடைசியாக இன்பவாணன் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுத்தால் ஏரி பிழைக்கும். வெளியே புகை மெலிந்துகொண்டே வந்தது. மேஜைமேல் இருந்த கை அசைவதற்கு முன்பே, அவர் கழுத்து சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பியது.