ரோமிலேயே இருக்கிறார்

வீரம்மா இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மலேசியாவில், ஈப்போ வீட்டில் படுத்திருந்தாள். வீடியோ அழைப்பில் ஐரோப்பாவிலிருந்து மருமகள் புனிதா.

"இன்னிக்கு வெனிஸ், அத்தை. பாஸ்போர்ட் தொலைஞ்சதால அவரு ரோம்லயே இருக்காரு. என்னை மட்டும் சுத்திப் பாத்துட்டு வரச் சொன்னாரு."

"புருஷன் அங்க தவிக்கிறான். இவளுக்கு ஊர் சுத்தி ஜாலான் ஜாலான் போகக் கேக்குதா?" மகள் கோமளா கொதித்தாள்.

"நீ சும்மா இருலா" என்ற வீரம்மா, திரையையே உற்றுப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டீங்களா, அத்தை?" என்றாள் புனிதா.

"போட்டுட்டேன். நெஞ்சு தாங்கும். இனி எனக்காக ஊர் சுத்த வேணாம். என் பிள்ளையைக் கொண்டாந்துடும்மா."

புனிதா திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "அத்தை..."

"தூங்கறப்பகூடப் பொட்டை எடுக்காதவ நீ. ரோமுக்கு அப்புறம் அனுப்பின ஒரு படத்துலயும் உன் நெத்தியில பொட்டு இல்லையே."