ஆள் மாறாட்டம்

தொடையில் சுடப்பட்டு வந்தவரின் முதல் எக்ஸ்ரே படத்தில் குண்டு தொடையில்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து எடுத்த ஸ்கேனில் வயிற்றில் இருந்தது. சர்ஜன், ஸ்கேன் எடுத்த பெண்மேல் எரிந்து விழுந்தார்.

“ஏம்மா, குண்டு பஸ் பிடிச்சா போகும்? ஆள மாத்தி எடுத்துட்டியா?”

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. “ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து ரத்தத்தோட போகுது சார். இதயத்துக்குப் போறதுக்குள்ள எடுக்கணும்” என்று முணுமுணுத்தாள்.

“எந்த இடம்னு முடிவு பண்ணிட்டு வெட்டுங்க” என்றார் படுத்திருந்தவர். “அங்கங்க தோண்டிப் பார்க்க நான் என்ன ரோடா?”

“என் கண் முன்னாடி முழு உடம்பையும் எடு” என்ற சர்ஜன், கதிர் படாமலிருக்க ஈய அங்கியை மாட்டிக்கொண்டு படுத்திருந்தவரின் தோளைத் தானே அழுத்திப் பிடித்தார்.

படம் வந்தது. படுத்திருந்தவரின் உடம்பில் தலைமுதல் கால்வரை எங்கும் குண்டு இல்லை.

“பாத்தியா?” என்று சிரித்தார் சர்ஜன்.

“அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா?” என்றார் படுத்திருந்தவர்.

அவள் படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். அவர் தோள்மேல் இருந்த சர்ஜனின் கையும் படத்தில் விழுந்திருந்தது. அந்தக் கைக்குள், கைக்கடிகாரத்துக்குச் சற்று மேலே, முழங்கையைப் பார்த்தபடி குண்டு இருந்தது.

“நான் ஆள மாத்தல சார்” என்றாள், இந்த முறை தெளிவாக. “கையை ஆட்டாம வந்து படுங்க.”